அத்தாட்சிப்படுத்தப்பட்ட மயில்

அடைக்கலநாதன் யாழ்ப்பாணத்து மீனவர் கரையான குருநகரில் பிறந்தும் கடலில் கால் நனைக்காமல் பிழைத்துக்கொண்டிருந்த ஆள். அவனுடைய தொழில் வெளிச்சம். கோயில் திருவிழாக்களுக்கு மின்விளக்குச் சோடனை செய்வான். அதற்காக அவனைப் பல்ப் மாலை தொங்கவிடுகிறவன் என்று யாராவது சொல்லிவிட்டால் பொல்லாத கோபம் வரும். அவன் செய்தது அசைகிற சோடனை. இருபதடிப் பலகையில் ஆயிரத்துச் சொச்சம் சின்னப் பல்புகள். பலகைக்குப் பின்னால் மோட்டரில் சுழலும் ஒரு மர உருளை. உருளையில் அடித்த பித்தளைத் தகடுகள்தான் எந்தப் பல்ப் எப்போது எரிவது, எப்போது அணைவது என்று முறை வைக்கும். உருளை ஒரு சுற்று முடிக்க, மயில் கழுத்தை நீட்டித் தோகையை விரித்து ஓர் ஆட்டம் ஆடி முடித்திருக்கும். அந்தோனியாருக்குச் சிறகடிக்கும் சம்மனசு, அளவெட்டி முருகனுக்கு மயில் என்று இரண்டு பக்கத்துக் கடவுள்களிடமும் அவனுக்கு நல்ல பெயர். அளவெட்டிச் சனம் ‘வேதக்காரப் பெடியன் செய்த மயில்’ என்று முணுமுணுத்துக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

எண்பத்தைந்தாம் ஆண்டு அந்தப் பிழைப்பில் மண் விழுந்தது. சண்டையோடு ஊரடங்கு வந்தது. சுவாமியும் மற்ற எல்லாரையும் போல வெயில் சாய முதல் வீதி சுற்றி முடித்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பட்டப்பகலில் ஆயிரம் பல்ப் எரிந்தால் பார்க்கிறவர் யார்? ஆனி மாதம் ஒரு கோயிலில் பழக்கதோஷத்தில் பகல் மூன்று மணிக்கு மயிலை ஆட விட்டார்கள். பலகைக்கு முன்னால் போன கிழவர் ஒருவர், “உதென்ன, கிர் கிர் எண்டு சத்தம் கேக்குது, மா மில்லோ?” என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றோடு அடைக்கலநாதன் பல்புகளைக் கழற்றி வைக்கோல் போட்டுப் பெட்டியில் அடுக்கிவிட்டான். கடலுக்கும் தடை, மாமனாரின் வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. மனைவி மரியநாயகிக்கு ஏழு மாதம். இனி என்ன வேலை செய்வது என்பதுதான் அந்த வீட்டில் காலையும் மாலையும் ஒரே பேச்சு.

அந்த நேரத்தில்தான் கொழும்பு ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் அந்த விளம்பரம் வந்தது. சார்ஜாவில் தொலைக்காட்சி விளம்பரங்கள் செய்யும் நிறுவனம் ஒன்றுக்கு எழுத்தையும் படத்தையும் அசைய வைக்கத் தெரிந்த ஓவியர் தேவை. விண்ணப்பத்தோடு, விண்ணப்பகாரர் எதையாவது அசைய வைத்ததற்கு ஓர் எடுத்துக்காட்டும் அனுப்ப வேண்டும். அடைக்கலநாதன் அதை வாசிப்பித்துக் கேட்டபோது அவனுக்கு மயிர் கூச்செறிந்தது. உலகத்தில் இப்படி ஒரு வேலை இருக்கிறதென்றும், அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றும் அவனுக்கு அதுவரை தெரியாது.

வாசித்துச் சொன்னவர் சோமசேகரம். பிரதம கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். சுற்றுவட்டாரத்தில் யார் எந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டாலும் அவருடைய தட்டச்சு யந்திரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். எந்த வேலைக்கும் அவரிடம் ஒரே விண்ணப்பம்தான் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் அவரே கிளாக்கர் உத்தியோகத்துக்குப் போட்டு வென்ற விண்ணப்பம் அது. பெயரும் வயதும் மட்டும் மாறும். ‘தங்கள் மிகப் பணிவுள்ள ஊழியன்’ என்ற கடைசி வரியை அவர் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார்.

“படிப்பு?” என்று கேட்டார்.

“பத்தாம் வகுப்பு, ஐயா. கணக்கிலை கோட்டை விட்டிட்டன்.”

“அதைத் தவிர்ப்பம். விளையாட்டு?”

“மெதுவான சைக்கிள் ஓட்டத்திலை மூண்டாமிடம்.”

சோமசேகரம் சந்தோஷமாக அதை அடித்தார். மயிலைப் பற்றி அடைக்கலநாதன் சொல்லத் தொடங்கியதும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“பல்ப் பூட்டிற கதையளை எழுதப்படாது. பிறகு உன்னை எலெக்ரீசியன் எண்டு நினைப்பினம்.”

“அதுதானே ஐயா என்ரை வேலை!”

“உன்ரை வேலையை நீயே புளுகினால் ஆர் நம்புவினம்? மற்றவை சொல்ல வேணும். ரெண்டு பெரிய மனிசரிட்டை நற்சாட்சிப் பத்திரம் வாங்கிக்கொண்டு வா.”

வாங்கிக்கொண்டு போனான். குருநகர்ப் பங்குச் சுவாமியார், அடைக்கலநாதன் பூசைக்கு ஒழுங்காக வருகிறவன், குடிப்பழக்கம் இல்லாதவன், கல்யாணம் செய்தவன் என்று எழுதியிருந்தார். மூன்றும் உண்மை. அளவெட்டிக் கோயில் தர்மகர்த்தா எழுதியது இன்னும் விசேஷம். ‘எமது ஆலயத்தில் ஆண்டுதோறும் ஆடும் மின்மயில், என்னுடைய சொந்த உபயத்திலும் என்னுடைய மேற்பார்வையிலும் அமைந்தது. மேற்படி நபர் அவ்வேலையின்போது பணிவுடன் நடந்துகொண்டார்.’ அடைக்கலநாதன் அதைச் சோமசேகரத்தைக் கொண்டு இரண்டு தரம் வாசிப்பித்துக் கேட்டான். மயில் தர்மகர்த்தாவுக்குப் போய்விட்டது. பணிவு மட்டும் அவனுக்கு மிஞ்சியிருந்தது. சோமசேகரத்துக்கோ பரம திருப்தி. இதைவிட நல்ல பத்திரம் வைத்திருந்தவர்களே குறைவு என்றார்.

எடுத்துக்காட்டுக்கு என்ன செய்வது என்பதுதான் பெரிய தலையிடி. போன வருடத் திருவிழாவில் ஸ்ரூடியோக்காரர் எடுத்த படம் ஒன்று இருந்தது. இருட்டில் எடுத்தபடியால் கமராவை நெடுநேரம் திறந்து வைத்திருக்கிறார். மயில் ஆடிய ஆட்டம் முழுவதும் ஒரே படத்தில் விழுந்திருந்தது. ஒரு உடம்பு, ஒன்பது கழுத்து. சோமசேகரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். “உது ராவணன்ரை மயிலே?” என்றார்.

வழி சொன்னது மரியநாயகி. பலகையில் துளை போட முதல், மயிலின் ஒவ்வொரு நிலையையும் தனித்தனித் தாளில் கீறி, தாள்களை அடுக்கிப் பிடித்துப் பெருவிரலால் விசிறிப் பார்ப்பது அடைக்கலநாதனின் வழக்கம். ஆட்டம் சரியென்று கண்டால்தான் துறப்பணம் எடுப்பான். அந்தத் தாள்கள் அடுப்படித் தட்டில் கிடந்தன.

“இஞ்சாருங்கோ, உதையே அனுப்பினால் என்ன? அவங்களுக்கும் பெருவிரல் இருக்கும்தானே?”

அடைக்கலநாதன் புதிதாக நாற்பத்தெட்டு மட்டைத் துண்டுகளை உள்ளங்கை அளவில் வெட்டி, மூன்று கிழமை, இருபத்தொரு நாளும் இருந்து மயிலைக் கீறினான். கறுப்பு மையில் கீறி, நீலமும் பச்சையும் தீட்டினான். மரியநாயகி வலை பின்னுகிற நூலால் முதுகைத் தைத்தாள். விசிறினால், மயில் குனிந்து நிமிர்ந்து, தோகையை ஒவ்வொரு இறகாக விரித்து, ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. பார்த்த மாமனார், மீன் இல்லாத துக்கத்தையும் மறந்து வாயைப் பிளந்தார். அடைக்கலநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வேலை தனக்குத்தான் என்று அன்றைக்கு அவன் முழுதாக நம்பினான்.

புத்தகத்தைச் சோமசேகரம் கையில் வாங்கினார். விசிறவில்லை. ஒவ்வொரு பக்கமாக, எச்சில் தொட்டுப் புரட்டினார்.

“அத்தாட்சி எங்கை?”

“என்ன அத்தாட்சி ஐயா?”

“இணைப்பு எண்டால் ஜே.பி. கையெழுத்து வைச்சு முத்திரை குத்த வேணும், தம்பி. இல்லாட்டி இது உன்ரை மயில்தான் எண்டதுக்கு என்ன சாட்சி? முத்திரையில்லாத இணைப்பு நேரை குப்பைக் கூடைக்குத்தான் போகும். நான் முப்பத்தாறு வருசம் போட்டனான், எனக்குத் தெரியாதே?”

“முன்பக்கத்திலை ஒண்டு குத்தினால் காணாதோ?”

“நடுவிலை ஒரு மயிலை உருவிப்போட்டு வேறை மயிலை வைச்சால்?” என்றார் சோமசேகரம். அடைக்கலநாதன் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஜே.பி.யைத் தேடிப் போனான்.

அந்த ஜே.பி., சமாதான நீதவான் கனகலிங்கம், சுண்டிக்குளியில் இருந்தார். எழுபத்திரண்டு வயது. முப்பது வருடமாக முத்திரை குத்துகிறார். ஒருவரிடமும் ஒரு சதம் வாங்கியதில்லை. நேர்மைக்கு அவரைத்தான் காட்டுவார்கள். சில வருடங்களாக அவருக்கு வலது கை நடுங்கியது. அதை ஊரே அறிந்திருந்தது, அவரைத் தவிர. அல்லது அவரும் அறிந்துதான் இருந்தார். ஆனால் அதைச் சொல்ல யாருக்கும் துணிவில்லை. அவருடைய மனைவி பத்மாவதி தேத்தண்ணியை அரைக் கோப்பைதான் வார்த்துக் கொடுப்பார். கேட்டால், ‘உவருக்குக் கனக்கக் குடிச்சால் ஒத்துவராது’ என்பார்.

கனகலிங்கம் ஐயா புத்தகத்தை மேசையில் வைத்து, ஊதா மைத் தட்டைத் திறந்து, முதல் பக்கத்தின் கீழ் வலது மூலையில் முத்திரையைப் பதித்தார். நீள்வட்டமான முத்திரை, சுற்றிவர அவருடைய பெயர். முதல் ஐந்தாறு பக்கம் நன்றாகத்தான் விழுந்தது. பிறகு முத்திரை மெல்ல மெல்லச் சரிந்தது. பத்தாம் பக்கத்தில் கீழே வழுக்கியது. பதினைந்தில் திடுக்கிட்டு நிமிர்ந்தது. இருபதுக்கு மேல் மயிலின் தோகையில் ஏறியது. மை தீர்ந்து மங்கி, திரும்ப மை தொட்டதும் பூசணிக்காய்போலப் பெருத்தது. அருகில் வைத்த கையெழுத்தின் வால், பக்கத்துக்குப் பக்கம் நீண்டும் குறுகியும் போனது. அடைக்கலநாதன் கைகட்டி நின்று, தன் மூன்று கிழமை வேலை கண் முன்னால் பாழாய்ப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். போதும் ஐயா என்று சொல்ல வாயெடுத்தான். ஐயாவின் நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. வாயை மூடிக்கொண்டான்.

“நாப்பத்தெட்டு,” என்று கடைசி முத்திரையைப் பதித்துவிட்டுக் கனகலிங்கம் ஐயா நிமிர்ந்தார். “இனி ஒருத்தனும் கேள்வி கேக்கேலாது.”

புது மயில் கீற நாள் இல்லை. விண்ணப்ப முடிவுத் திகதி நெருங்கிவிட்டது. அடைக்கலநாதன் அந்தப் புத்தகத்தைத் திரும்ப விசிறிப் பார்க்கவும் மனமில்லாமல் சோமசேகரத்திடம் கொடுத்தான். அவர் அதைப் பெரிய உறையில் வைத்து, நற்சாட்சிகளோடும் மூன்றாமிடச் சைக்கிளோடும் சேர்த்து ஒட்டித் தபாலில் போட்டார். வீட்டுக்கு வந்த அடைக்கலநாதன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ஆறாவது கிழமை சார்ஜாவிலிருந்து பொதி வந்தது. புத்தகம் திரும்பி வந்திருந்தது. கூட ஒரு கடிதம். மரியநாயகி அதைத் தூக்கிக்கொண்டு, தூக்கமுடியாத வயிற்றோடு, அவனுக்கு முன்னாலேயே சோமசேகரம் வீட்டுப் படலையைத் திறந்தாள். சோமசேகரம் கடிதத்தை முதலில் மனத்துக்குள் வாசித்தார். முகம் போன போக்கைப் பார்த்து இரண்டு பேரும் வேலை கிடைக்கவில்லை என்றே நினைத்தார்கள். பிறகு தமிழில் சொன்னார்.

மயில் சுத்தமாக ஆடுகிறது. இப்படிச் சுத்தமாக ஆட வைக்கிறவர்கள் எங்களிடம் ஏற்கெனவே நாலு பேர் இருக்கிறார்கள். ஆனால் கீழே வலது மூலையில் வரும் அந்த ஊதா நிற ஆளைப் பார்த்து எங்கள் அலுவலகமே வேலையை விட்டுவிட்டு நின்றது. அவர் வருகிறார், தயங்குகிறார், சறுக்குகிறார், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து மயிலில் பிடித்து ஏறுகிறார், மூச்சு வாங்குகிறார். இருபது வருடத்தில் இவ்வளவு உயிருள்ள அசைவை நாங்கள் கண்டதில்லை. அதைச் செய்தது விண்ணப்பகாரர்தான் என்று பொறுப்பான ஒருவர் எழுத்தில் உறுதிப்படுத்தினால், உடனே விசா அனுப்புகிறோம். வேறொருவர் செய்திருந்தால், தயவுசெய்து அவருடைய விலாசத்தைத் தரவும்.

அடைக்கலநாதன் புத்தகத்தை எடுத்தான். முத்திரை விழுந்த பிறகு முதல்முறையாக விசிறினான். மயில் ஆடியது. அதை ஒருவரும் பார்க்க மாட்டார்கள் என்று அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. கண் தானாகவே மூலைக்கு ஓடியது. அங்கே ஒரு வயதான ஆள், கண்ணாடியைத் தொலைத்துவிட்டுச் சுவரைத் தடவித் தடவித் தேடுவதுபோல, ஊதா முத்திரை போய்க்கொண்டிருந்தது. பதினொரு வருடம் அவன் பல்புகளைக் கொண்டு தேடியது, ஒரு ரப்பர் முத்திரையில் சும்மா வந்து உட்கார்ந்திருந்தது. அவர்கள் சொன்னது முழுக்கச் சரி. அதுதான் அவனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

“நான்தான் எண்டு எழுதினால் என்ன?” என்றாள் மரியநாயகி.

“பொய்யெல்லே.”

“உங்கடை மயில் தர்மகர்த்தாவின்ரை எண்டு அவர் எழுதேக்கை அது என்ன, வேதமே?”

அடைக்கலநாதன் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் உட்கார்ந்து அந்த முத்திரையின் வழியைத் தாளில் கீறிப் பார்த்தான். முதல் நாள் செத்த முத்திரையாக வந்தது. இரண்டாம் நாள் பின்னேரம், எங்கே தயங்குகிறது, எங்கே அவசரப்படுகிறது என்று பிடிபட்டது. இதைத் தன்னால் செய்ய முடியும் என்று தெரிந்துகொண்டான். ஆனால் அந்த நாற்பத்தெட்டையும் செய்தது தானல்ல என்பதும் தெரிந்தது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தான். கனகலிங்கம் ஐயா, ‘அது கை நடுக்கத்தில் வந்தது, யாரும் செய்ததல்ல’ என்று உள்ளதை எழுதித் தந்தால், தன்னுடைய புதுத் தாள்களையும் சேர்த்து அனுப்பி அதிர்ஷ்டத்தைப் பார்ப்பது. அப்படி ஒரு கடிதத்தை ஐயாவிடம் கேட்கச் சோமசேகரத்தால் மட்டும்தான் முடியும் என்று அவரை இழுத்துக்கொண்டு போனான்.

உத்தியோக வாழ்க்கையில் எத்தனையோ அதிகாரிகளைச் சமாளித்த சோமசேகரம், அன்றைக்குக் கனகலிங்கம் ஐயாவுக்கு முன்னால் சுற்றி வளைத்தார். கடிதத்தை வாசித்துக் காட்டினார். பிறகு, வயது போனால் எல்லாருக்கும் ஏதோ ஒன்று வரும் என்றார். தனக்கும் முழங்கால் என்றார். முத்திரையும் சில வேளை மேசையின் ஆட்டத்தில் என்றார்.

“மேசை ஆடுறேல்லை,” என்றார் கனகலிங்கம் ஐயா. “நேரை கதையும்.”

அடைக்கலநாதன்தான் சொன்னான். “ஐயா, கை நடுங்கினபடியால்தான் முத்திரை அப்பிடி விழுந்தது எண்டு ஒரு கடுதாசி தந்தால்...”

உள்ளே பத்மாவதி கோப்பை கழுவுகிற சத்தம் நின்றுபோனது.

“ஆற்றை கை? என்ரையோ?”

சோமசேகரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“என்ரை கை நடுங்கிறேல்லை,” என்றார் கனகலிங்கம் ஐயா. வலது கையை இடது கையால் மூடி மடியில் வைத்துக்கொண்டார். “முப்பது வருசமாய் நான் குத்தின முத்திரை ஒண்டு கோணினதாய் ஆரும் சொல்லட்டும் பாப்பம். இது நடுங்கின முத்திரை. ஆனபடியால் இது நான் குத்தினதில்லை.”

“ஐயா, உங்கடை பேர் இருக்கு...”

“பேர் இருந்தால்? நான் குத்தேல்லை எண்டால் வேறை ஆர் குத்தினது? மேசைக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் நிண்டது நீ.”

சோமசேகரம் பதறிப்போனார். “ஐயோ, அப்பிடியெண்டால் உவன் கள்ள முத்திரை குத்தினதாயெல்லோ வரும். பிடிச்சு உள்ளுக்கை போட்டிடுவாங்கள், மறியல்!”

“நான் அனுமதி குடுத்து, என்ரை மேசையிலை வைச்சு, என்ரை முத்திரையாலை, படம் கீறுறதுக்காக உவன் குத்தினவன். அப்பிடி எழுதும்.”

சோமசேகரம் ஐயாவின் முகத்தைப் பார்த்தார். அடைக்கலநாதனின் முகத்தைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார். ‘மேற்படி நாற்பத்தெட்டுப் பக்கங்களிலும் காணப்படும் முத்திரைகளும் கையொப்பங்களும் என்னால் இடப்பட்டவை அல்ல; அவற்றை எனது அனுமதியுடன், எனது மேசையில், விண்ணப்பகாரரே தமது திறமையால் செய்தார் என்று நானறிய உறுதிப்படுத்துகிறேன்.’ அந்த வீட்டு மேசையில் முப்பது வருடத்தில் எழுதப்பட்ட முதல் பொய். உண்மைப் பத்திரங்கள் எல்லாமாகச் சேர்ந்து செய்யாத காரியத்தை அது ஒன்றே செய்யப்போகிறது என்பது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

கனகலிங்கம் ஐயா முத்திரையை எடுத்தார். மையில் தொட்டார். இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார், நரம்பு புடைத்தது. மூச்சை அடக்கி மெதுவாக இறக்கிப் பதித்து எடுத்தார். முத்திரை அச்சில் வார்த்ததுபோல நேராக விழுந்திருந்தது.

“பாத்தியோ?” என்றார்.

“ஓம் ஐயா. ஒரு துளி அசையேல்லை,” என்றான் அடைக்கலநாதன்.

சோமசேகரம் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு எழும்பினார். கனகலிங்கம் ஐயா எழும்பவில்லை. “எங்கை, நீ செய்ததைக் காட்டு பாப்பம்,” என்றார்.

அடைக்கலநாதன் புத்தகத்தை நீட்டினான். அவர் வாங்கிப் பெருவிரலை வைத்து விசிறப் பார்த்தார். பக்கங்கள் கட்டியாகச் சேர்ந்து விழுந்தன. இரண்டாம் தரமும் அப்படித்தான். அவனிடமே திருப்பிக் கொடுத்தார். அடைக்கலநாதன் அவர் கண்ணுக்கு நேரே பிடித்து விசிறினான். ஐயா மயிலைப் பார்க்கவில்லை. ஊதா முத்திரை வந்தது, தயங்கியது, சறுக்கியது, ஏறியது.

“இன்னொருக்கால்.”

திரும்ப விசிறினான்.

“இந்த இடத்திலை,” என்று கனகலிங்கம் ஐயா விரலை நீட்டினார், விரல் நடுங்கியது. அவர் அதை மறைக்கவில்லை. “இந்த இடத்திலை அது களைச்சுப் போச்சு, என்ன?”

“ஓம் ஐயா.”

“விழப்பாத்திட்டு, விழேல்லை எண்டு காட்டிறதுக்காக ஒரு எம்பு எம்புது.”

“ஓம் ஐயா.”

“உனக்கு முப்பது வயதும் இல்லை. உது உனக்கு எப்பிடித் தெரிஞ்சது, தம்பி?”

அடைக்கலநாதன் சோமசேகரத்தைப் பார்த்தான். அவர் கூரை முகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஐயாவைப் பாத்துத்தான்,” என்றான்.

கனகலிங்கம் ஐயா தலையை ஆட்டினார். கோபிக்கவில்லை.

“நல்லாய்ச் செய்திருக்கிறாய்,” என்றார். “இன்னொருக்கால் காட்டு.”